எதிர்பார்த்தது 1, வந்தது 17: த்ரெட் எக்சிட் டெஸ்ட்களில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

லினக்ஸ் கெர்னலில் ஒரு த்ரெட் முடிந்ததும் அதை வெளியே தெரிவிக்கும் வசதிக்கு யாரோ டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள், அது உங்களிடம் ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது. அல்லது ஏற்கெனவே மெர்ஜ் ஆன டெஸ்ட் ஒன்று சிஐயில் (டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் அமைப்பில்) எப்போதாவது சிவப்பாகிறது, மறுபடி ஓட்டினால் பச்சை. இந்த இரண்டு நிலைமைக்கும்தான் இது. முக்கியமாக பிட்எஃப்டி (ஒரு ப்ராசஸையோ த்ரெட்டையோ சுட்டும் ஃபைல் டிஸ்கிரிப்டர்) பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் இன்றைக்கு இந்த வகை டெஸ்ட்களில் பெரும்பாலானவை அதைச் சுற்றித்தான் வருகின்றன. பிட்எஃப்டி_ஓபன் சிஸ்காலும் (கெர்னலை நேரடியாக அழைக்கும் வழி) அதன் மேல் போல் செய்யும், அதாவது சேதி வரும் வரை காத்திருக்கும், வசதியும் 5.3 கெர்னலில் வந்தன, ஆனால் அப்போது முழு ப்ராசஸுக்கு மட்டும். தனி ஒரு த்ரெட்டைச் சுட்டும் பிட்எஃப்டி_த்ரெட் என்ற ஃபிளாக் 2024 இல் 6.9 உடன்தான் வந்தது.

அறிகுறிகளுக்குள் போவதற்கு முன் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. த்ரெட் "முடிவது" ஒரே கணத்தில் நடக்கும் காரியம் இல்லை. டூ_எக்சிட் என்ற ஃபங்ஷனுக்குள் அது படிப்படியாகக் கழன்றுகொண்டே போகிறது. முதலில் எக்சிட்_எம்எம்: இங்கேதான் த்ரெட் தன் மெமரியை விடுகிறது, கூடவே கிளியர்_சைல்ட்_டிஐடி என்று முன்பே பதிந்து வைத்த முகவரியில் பூஜ்யம் எழுதி, அதில் ஃபியூடெக்ஸ் (ஒரு மெமரி முகவரியில் காத்திருக்க உதவும் கெர்னல் வசதி) போட்டுக் காத்திருப்பவரை எழுப்புகிறது. பித்ரெட்_ஜாயின் (ஒரு த்ரெட் முடியும் வரை காத்திருக்கும் லைப்ரரி ஃபங்ஷன்) விழித்துக்கொள்வது இதனால்தான். அதற்குப் பிறகு ஃபைல்கள், நேம்ஸ்பேஸ்கள் எல்லாம் போகின்றன. அப்புறம் எக்சிட்_நோட்டிஃபை: இங்கே எக்சிட்_ஸ்டேட் மாறுகிறது, பிட்எஃப்டியில் போல் செய்பவர்கள் எழுப்பப்படுகிறார்கள். கடைசியாக ரிலீஸ்_டாஸ்க்: த்ரெட்டின் அடையாள எண் (டிஐடி) விடுவிக்கப்படுகிறது, ப்ராக்கில், அதாவது டாஸ்க்குகளின் (கெர்னல் பார்வையில் த்ரெட்கள்) நிலையைக் காட்டும் டைரக்டரியில் இருந்து மறைகிறது. சாதாரண த்ரெட்டுக்கு இந்தக் கடைசிப் படி உடனடியாக, தானாகவே நடக்கும். க்ரூப் லீடருக்கு, அதாவது ப்ராசஸின் முதல் த்ரெட்டுக்கு, அப்படி இல்லை, பேரண்ட் வெயிட் செய்யும் வரை அது ஜோம்பியாக (முடிந்தும் எண்ணை விடாத நிலையில்) கிடக்கும்.

ஆக, டெஸ்ட்டில் காத்திருக்கும் ஒவ்வொரு வரியைப் பார்த்தும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எந்தப் படிக்காகக் காத்திருக்கிறது, அடுத்த வரி எந்தப் படி முடிந்துவிட்டதாக நம்புகிறது? இரண்டும் வேறு வேறு என்றால் அங்கேதான் பிழை.

அறிகுறி: ரீவென்ட்ஸ் 1 என்று எதிர்பார்த்தேன், சில நேரம் 17 வருகிறது

இந்த வகை டெஸ்ட்களில் நான் அதிகம் பார்ப்பது இதுதான், அதனால் இதிலேயே கொஞ்சம் நிற்போம். டெஸ்ட் எழுதியவர் போல்இன் (சேதி வந்தது என்ற) பிட்டைக் கேட்டு போல் செய்கிறார், திரும்பி வந்ததும் ரீவென்ட்ஸ், அதாவது போல் திருப்பித் தரும் பிட்கள், சரியாக போல்இன்னுக்குச் சமமா என்று அசர்ட் வைக்கிறார். அவர் மெஷினில் ஆயிரம் தடவை ஓட்டினாலும் பாஸ். சிஐயில் ஃபெயில், எதிர்பார்த்தது 1, வந்தது 17.

17 என்றால் ஹெக்ஸில் 11. போல்இன் 1, போல்ஹப் (மறுமுனை போய்விட்டது என்ற பிட்) ஹெக்ஸ் 10. இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். த்ரெட் எக்சிட்_நோட்டிஃபையைக் கடந்து இன்னும் ரிலீஸ் ஆகாமல் இருக்கும் சின்ன இடைவெளியில் நீங்கள் பார்த்தால் போல்இன் மட்டும் தெரியும். ரிலீஸ் ஆன பிறகு பார்த்தால் அந்த எண்ணுக்குப் பின்னால் டாஸ்க்கே இல்லை, அப்போது கெர்னல் போல்ஹப்பையும் சேர்த்துத் தருகிறது. போல்ஹப் நீங்கள் கேட்காவிட்டாலும் வரும், அது போலின் பழைய வழக்கம். லீடரை போல் செய்யும் டெஸ்ட்டில் இந்தப் பிரச்சினை தெரியாது, ஏனென்றால் பேரண்ட் வெயிட் செய்யும் வரை ஜோம்பி அப்படியே இருக்கும், போல்ஹப் வர வழியில்லை. அந்த டெஸ்ட்டைக் காப்பியடித்து பிட்எஃப்டி_த்ரெட் மட்டும் சேர்த்து எழுதும்போதுதான் இது நுழைகிறது. பேட்ச்சைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பக்கத்து டெஸ்ட்டின் கமென்ட் கூட மாறாமல் இருக்கும்.

இதற்கு ஒரு தவறான மருந்து உண்டு: 17 வருகிறதா, சரி, அசர்ட்டை 17 ஆக மாற்றிவிடுவோம். இப்போது எதிர்ப்பக்கம் ஃபெயில் ஆகும், இன்னும் அரிதாக, அதாவது கண்டுபிடிக்க இன்னும் கஷ்டமாக. ரிவ்யூவில் அப்படி ஒரு மாற்றம் வந்தால் விடாதீர்கள். டெஸ்ட்டுக்கு வேண்டியது "முடிந்துவிட்டது என்ற சேதி வந்ததா" என்பது மட்டும் என்றால், போல்இன் பிட் இருக்கிறதா என்று ஆண்ட் செய்து பார்த்தால் போதும். "முழுவதும் போய்விட்டதா" என்பது வேண்டும் என்றால் போல்ஹப்புக்காகவே காத்திருக்க வேண்டும். அதற்கு எளிய வழி, ஈவென்ட்ஸ் ஃபீல்டில் பூஜ்யம் வைத்து போல் அழைப்பது. பூஜ்யம் என்றால் எதுவுமே வராது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் போல்ஹப்பும் போல்எர்ரும் கேட்காமலே வருபவை என்பதால் இந்த அழைப்பு போல்இன்னைக் கண்டுகொள்ளாமல் ரிலீஸ் ஆகும் வரை நிற்கும். இப்படி எழுதினால் பக்கத்தில் ஒரு வரி கமென்ட் கேளுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருபவர் இதைப் பிழை என்று நினைத்துத் "திருத்திவிடுவார்".

அறிகுறி: பித்ரெட்_ஜாயின் திரும்பிவிட்டது, ஆனால் த்ரெட் இன்னும் இருக்கிறது

இது பல வேஷத்தில் வரும். ஜாயின் முடிந்த அடுத்த வரியில் டைம்அவுட் பூஜ்யம் கொடுத்து போல் செய்தால் 0 திரும்புகிறது. அல்லது ப்ராக்கில் டாஸ்க் டைரக்டரியை எண்ணினால் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அல்லது செத்த த்ரெட்டுக்கு டிஜிகில்லில் (த்ரெட்டுக்குச் சிக்னல் அனுப்பும் சிஸ்கால்) சிக்னல் 0 அனுப்பினால் ஈஎஸ்ஆர்சிஎச் (அப்படி ஒன்று இல்லை என்ற எர்ரர்) வருவதற்குப் பதிலாக வெற்றி என்கிறது. எல்லாம் ஒரே நோய்.

மேலே சொன்ன வரிசையைப் பாருங்கள், ஜாயினை எழுப்புவது எக்சிட்_எம்எம் கட்டத்தில், பிட்எஃப்டி சேதி வருவது அதற்கு வெகு பின்னால் எக்சிட்_நோட்டிஃபையில். இடையில் அந்த த்ரெட் ப்ரீஎம்ட் ஆகலாம், வேறு சிபியுவில் வேறு வேலை ஓடலாம், வர்ச்சுவல் மெஷினாக இருந்தால் ஹோஸ்ட் அந்த விசிபியுவையே நிறுத்தி வைத்திருக்கலாம். ஜாயின் சொல்வதெல்லாம் "இந்த த்ரெட்டின் ஸ்டேக்கை இனி நீ பயன்படுத்தலாம், அது யூசர் மெமரியைத் தொடாது" என்பது மட்டும். கெர்னலுக்குள் டாஸ்க் இல்லை என்று அது சொல்லவே இல்லை.

அதனால் ஜாயினை ஒத்திசைவுக்குப் பயன்படுத்தி, அடுத்த வரியில் கெர்னல் நிலையைச் சோதிக்கும் டெஸ்ட் எதுவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். மாற்று என்ன? பிட்எஃப்டியிலேயே ஒரு நியாயமான டைம்அவுட்டோடு போல் செய்யட்டும், சில விநாடிகள் கொடுத்தால் போதும், முடிந்த உடனே திரும்பிவிடும் என்பதால் டெஸ்ட் மெதுவாகாது. டெஸ்ட் செய்யும் விஷயமே போல்தான், அதையே காத்திருப்புக்கும் பயன்படுத்தலாமா என்று சிலர் தயங்குவார்கள். தயங்க வேண்டாம், சேதி வரவில்லை என்றால் டைம்அவுட் ஆகி ஃபெயில் ஆகப்போகிறது, அது சரியான ஃபெயில்தான்.

யூஸ்லீப் போட்டுச் சமாளித்திருந்தால்? நூறு மில்லிசெகண்ட் தூங்கினால் போதும் என்று எழுதியவர் நினைத்திருப்பார். கேசான் (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும், வேகத்தைக் குறைக்கும் கருவி) போட்டு பில்ட் செய்த கெர்னலில், நாலைந்து டெஸ்ட் ஒரே நேரத்தில் ஓடும் மெஷினில் அது போதாது. ஒரு டெஸ்ட்டில் ஸ்லீப்பைப் பார்த்தால் அதன் பக்கத்தில் "இது எதற்காகக் காத்திருக்கிறது, அதை நேரடியாகக் கவனிக்க முடியாதா" என்று ஒரு கமென்ட் போடுங்கள். தொண்ணூறு சதவீதம் முடியும் என்றே பதில் வரும்.

அறிகுறி: பிட்எஃப்டி_ஓபனே ஃபெயில் ஆகிறது

எர்ரர் எண்ணைப் பார்த்துப் பிரியுங்கள்.

ஈஎஸ்ஆர்சிஎச் என்றால் ஓபன் செய்வதற்குள் த்ரெட் போய்விட்டது. ஃபோர்க் செய்த சைல்ட் என்றால் அது முடிந்தாலும் ஜோம்பியாக எண்ணைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும், எப்போது ஓபன் செய்தாலும் கிடைக்கும். த்ரெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, தானாகவே ரிலீஸ் ஆகி மறைந்துவிடும். ஆகவே டெஸ்ட்டில் ஓபன் முடியும் வரை த்ரெட்டை உயிரோடு நிறுத்தி வைக்க ஏதாவது இருந்தே ஆக வேண்டும்: ஒரு பேரியர், ஒரு பைப்பில் ரீட், ஏதோ ஒன்று. அது இல்லை என்றால் டெஸ்ட் இன்று பாஸ் ஆவது த்ரெட் மெதுவாக இருக்கிறது என்பதால் மட்டுமே. இன்னொரு ஓரக் கேஸும் உண்டு, அந்த எண் வேறு யாருக்காவது மறுபடி ஒதுக்கப்பட்டிருக்கலாம். கெர்னல் எண்களைச் சுற்று முறையில் ஒதுக்குவதால் இது அரிது, ஆனால் பிஐடி_மேக்ஸ் 32768 ஆக இருக்கும் சின்ன விஎம்மில் பக்கத்தில் ஃபோர்க் மழை பொழிந்தால் நடக்காது என்று சொல்ல முடியாது. அப்போது ஓபன் வெற்றி பெறும், போல் மட்டும் வேறு யாரோ சாவதற்காகக் காத்திருக்கும்.

ஈஇன்வால் (கொடுத்த மதிப்பு தவறு) என்றால் மூன்று சந்தேகம். ஒன்று, கெர்னல் 6.9 ஐ விடப் பழையது, ஃபிளாக்கே தெரியாது. அப்படியானால் டெஸ்ட் ஃபெயில் ஆகாமல் ஸ்கிப் ஆக வேண்டும். ஸ்டேபிள் கெர்னல்களில் புதிய செல்ஃப்டெஸ்ட்களை ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வீண் சிவப்பு காட்டாதீர்கள். இரண்டு, ஃபிளாக் இல்லாமல் லீடர் அல்லாத த்ரெட்டின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். இது தவறு என்பதையே சோதிக்கும் நெகட்டிவ் டெஸ்ட் என்றால் கவனம், பழைய கெர்னலில் ஈஇன்வால் தந்த இந்த இடத்தில் பிற்பாடு ஈஎன்ஓஇஎன்டி வர ஆரம்பித்தது, அதனால் ஒரே எண்ணில் ஆணி அடித்து வைத்தால் ஏதோ ஒரு பக்கம் உடையும். மூன்று, சிரிக்காதீர்கள், பித்ரெட்_டி மதிப்பையே டிஐடியாக நினைத்து இன்ட்டுக்கு காஸ்ட் செய்து கொடுத்திருப்பார்கள். அது யூசர்ஸ்பேஸ் லைப்ரரியின் கைப்பிடி மட்டும், கெர்னலுக்கு அது என்னவென்றே தெரியாது. த்ரெட்டே தன் கெட்டிஐடி மதிப்பை வெளியே எழுதித் தர வேண்டும், எழுதி முடித்துவிட்டது என்பதையும் மெயின் த்ரெட் ஏதாவது ஒத்திசைவு மூலம் அறிய வேண்டும். வெறும் குளோபல் வேரியபிளைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது ஆப்டிமைசர் ஆன் ஆனதும் முடிவில்லாத லூப்பாகும்.

புத்தம் புதுக் கெர்னலில் ஈநோசிஸ் (அப்படி ஒரு சிஸ்கால் இல்லை) வந்தால் கெர்னலைத் திட்டாதீர்கள். டெஸ்ட் ஹெடரில் சிஸ்கால் எண் இல்லாதபோது மைனஸ் ஒன்று என்று வைத்துக்கொள்ளும் ஒரு மேக்ரோ இருக்கும், பில்ட் மெஷினின் ஹெடர்கள் பழையதாக இருந்தால் அது செயலுக்கு வந்துவிடும். அந்த எண்ணை அழைத்தால் ஈநோசிஸ்தான் வரும், டெஸ்ட் அதைப் பார்த்து "ஆதரவு இல்லை, ஸ்கிப்" என்று அமைதியாகப் போய்விடும். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. பிட்எஃப்டி_ஓபனின் எண் 434, நேரடியாக அதையே எழுதச் சொல்லுங்கள்.

அறிகுறி: போல் திரும்பவே இல்லை, ஹார்னஸ் டைம்அவுட் அடிக்கிறது

கேசெல்ஃப்டெஸ்ட் ஹார்னஸ் (கெர்னலோடு வரும் டெஸ்ட்களை ஓட்டும் சட்டகம்) ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் இயல்பாக 30 விநாடி தருகிறது, அதற்குள் முடியாவிட்டால் கொன்றுவிட்டு டைம்அவுட் என்று ஒரு வரி எழுதும். அந்த வரியை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது, எங்கே நின்றது என்றுகூடத் தெரியாது. ஆகவே டைம்அவுட் மைனஸ் ஒன்றோடு போல் அழைக்கும் டெஸ்ட்டைப் பார்த்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள், ஐந்து விநாடி என்று வைத்தால் எந்த அசர்ட் விழுந்தது என்பதாவது தெரியும்.

இனி காரணம். அதிகம் நடப்பது, கையில் இருப்பது த்ரெட் பிட்எஃப்டி என்று நினைத்து ப்ராசஸ் பிட்எஃப்டியில் காத்திருப்பது. ப்ராசஸ் பிட்எஃப்டி க்ரூப்பில் கடைசி த்ரெட்டும் போன பிறகுதான் பேசும். எது கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ப்ராக்கில் அந்த டிஸ்கிரிப்டரின் எஃப்டிஇன்ஃபோ ஃபைலைப் பாருங்கள். ஃபிளாக்ஸ் வரி ஆக்டலில் இருக்கும், பிட்எஃப்டி_த்ரெட் என்பது உண்மையில் ஓ_எக்ஸ்கிளின் அதே மதிப்பு, அதாவது எக்ஸ்86 இல் ஆக்டல் 200. அந்த பிட் இல்லை என்றால் கேஸ் முடிந்தது. அதே ஃபைலில் பிஐடி வரியும் இருக்கும், அங்கே மைனஸ் ஒன்று தெரிந்தால் டாஸ்க் ஏற்கெனவே ரிலீஸ் ஆகிவிட்டது என்று பொருள்.

அடுத்த காரணம் கொஞ்சம் நுட்பமானது, இங்கே கெர்னல் வெர்ஷன் முக்கியம். மெயின் த்ரெட், அதாவது லீடர், மற்ற த்ரெட்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பித்ரெட்_எக்சிட் செய்துவிட்டுப் போகிறது. லீடரை பிட்எஃப்டி_த்ரெட்டோடு ஓபன் செய்து போல் செய்கிறீர்கள். 6.9 இல் இருந்து 6.14 வரை சேதி உடனே வரும். 6.15 இல் இதை மாற்றினார்கள், இப்போது மற்ற த்ரெட்கள் எல்லாம் முடியும் வரை சேதி வராது. ஏன் என்று கேட்டால், மீதியிருக்கும் த்ரெட் ஒன்று எக்செக் (அதே ப்ராசஸில் வேறு ப்ரோக்ராமை ஏற்றுவது) செய்தால் அது செத்துப்போன லீடரின் எண்ணை எடுத்துக்கொள்ளும். "செத்துவிட்டது" என்று சொன்ன அதே எண் மறுபடி உயிரோடு நடமாடும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் சேதியைத் தள்ளி வைக்கிறார்கள். பழைய நடத்தையை நம்பி எழுதிய டெஸ்ட் புதிய கெர்னலில் தொங்கும், அது ரிக்ரெஷன் இல்லை. லீடர் அல்லாத த்ரெட்களுக்கு எந்த மாற்றமும் கிடையாது.

மூன்றாவது, சாதாரண டெட்லாக். த்ரெட் பேரியரில் நிற்கிறது, மெயின் போலில் நிற்கிறது, யார் யாரை விடுவிப்பது? டாஸ்க் டைரக்டரியில் ஒவ்வொரு த்ரெட்டின் டபிள்யூசேன் (கெர்னலில் எங்கே தூங்குகிறது என்ற தகவல்) பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அறிகுறி: எப்போதும் பாஸ், அதுதான் உறுத்துகிறது

சிவப்பாகும் டெஸ்ட்டை யாராவது கவனிப்பார்கள். எதையும் சோதிக்காமல் பச்சையாகவே இருக்கும் டெஸ்ட்டை ரிவ்யூவரைத் தவிர யாரும் கவனிக்கப்போவதில்லை.

முதலில் "சேதி வரக்கூடாது" என்று சோதிக்கும் இடங்களைத் தேடுங்கள். உதாரணம் மேலே சொன்னதுதான்: லீடர் முடிந்துவிட்டது, இன்னொரு த்ரெட் ஓடுகிறது, இப்போது போல் 0 தர வேண்டும். எழுதியவர் லீடரை எக்சிட் செய்யச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் போலைப் பூஜ்ய டைம்அவுட்டில் அழைத்து 0 வந்ததும் பாஸ் என்கிறார். ஆனால் அந்தக் கணத்தில் லீடர் இன்னும் எக்சிட்டுக்குள் நுழைந்திருக்கவே மாட்டாது. உயிரோடு இருப்பவர் செத்ததாகச் சேதி வரவில்லை, இதில் என்ன ஆச்சரியம்? கெர்னலில் அந்த வசதி உடைந்திருந்தாலும் இந்த டெஸ்ட் பாஸ் ஆகும்.

இல்லாததைச் சோதிக்கும் முன், இருக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம் என்பதை உறுதி செய்ய வேண்டும். இங்கே வழி இருக்கிறது, ப்ராக்கில் லீடரின் ஸ்டாட் ஃபைலில் நிலை எழுத்து இசட் ஆகும் வரை பார்த்துக்கொண்டிருந்து, அப்புறம் போல் செய்யட்டும். இசட் தெரிகிறது என்றால் எக்சிட்_ஸ்டேட் மாறிவிட்டது. போல் அழைப்பும் அதே எக்சிட்_ஸ்டேட்டைத்தான் பார்த்து முடிவு செய்கிறது, எழுப்புதல் வந்ததா இல்லையா என்பதை வைத்து அல்ல. அதனால் இசட் பார்த்த பிறகு பூஜ்ய டைம்அவுட் போதும், ஸ்லீப் எதுவும் தேவையில்லை.

இரண்டாவது இடம், ஃபோர்க் செய்த சைல்டுக்குள் இருக்கும் அசர்ட்கள். த்ரெட் டெஸ்ட்கள் பெரும்பாலும் ஒரு சைல்டை உண்டாக்கி அதற்குள் த்ரெட்களை வைக்கின்றன. சைல்டில் அசர்ட் விழுந்தால் சைல்ட் சாகும், அதன் எக்சிட் ஸ்டேட்டஸைப் பேரண்ட் பார்க்காவிட்டால் விஷயம் அங்கேயே அடங்கிவிடும். அதைவிட மோசம், டெஸ்ட் காத்திருப்பதே சைல்ட் சாவதற்காக! அசர்ட் விழுந்து செத்தாலும், திட்டப்படி செத்தாலும் போல் எழுப்பும், பேரண்ட் மகிழ்ச்சியாக பாஸ் என்கிறது. வெயிட்ஐடி முடிவில் எக்சிட் கோட் சரியாக என்ன என்று பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் பூஜ்யம் அல்லாத ஒரு தனி எண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. த்ரெட் ஃபங்ஷனுக்குள்ளேயே ஹார்னஸ் அசர்ட் வைப்பதையும் நான் ஏற்பதில்லை. முடிவை ஒரு ஸ்ட்ரக்டில் எழுதி வெளியே கொடுக்கட்டும், மெயின் த்ரெட் சோதிக்கட்டும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் டெஸ்ட் எழுதியவரிடம் ஒன்று கேளுங்கள்: எக்சிட்_நோட்டிஃபைக்குள் இருக்கும் டூ_நோட்டிஃபை_பிட்எஃப்டி அழைப்பை கமென்ட் செய்துவிட்டு ஓட்டினால் எந்த டெஸ்ட் விழுகிறது? ஒரு விஷயம் கவனம், பிஐடி விடுவிக்கப்படும்போதும் ஒரு எழுப்புதல் உண்டு, அதனால் சாதாரண த்ரெட்டுக்கு அந்த அழைப்பை எடுத்தாலும் போல் எப்படியோ திரும்பிவிடும். அதை உடைக்க வேண்டும் என்றால் இரண்டையும் எடுக்க வேண்டும். இந்தப் பதிலைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் என்றால் மீதி ரிவ்யூ சீக்கிரம் முடியும்.

அறிகுறி: ஒரு த்ரெட்டைக் கொன்றேன், எல்லாமே செத்துவிட்டது

சிக்கில் (கட்டாயமாகக் கொல்லும் சிக்னல்) அனுப்பியிருப்பார்கள். த்ரெட் பிட்எஃப்டி வழியாக அனுப்பினாலும் சிக்கில் முழு க்ரூப்பையும் எடுத்துவிடும், அது த்ரெட்டுக்கு மட்டும் என்று ஒன்று கிடையாது. த்ரெட்டை மட்டும் முடிக்க அதைத் தானாக எக்சிட் செய்யவைக்க வேண்டும், பைப்பில் ஒரு பைட் எழுதி எழுப்பினால் போதும்.

அறிகுறி: எக்சிட் கோட் 5 கொடுத்தேன், 0 வருகிறது, அல்லது எதுவுமே வரவில்லை

பித்ரெட்_எக்சிட்டுக்கு என்ன மதிப்பு கொடுத்தாலும் அது ஜாயின் செய்பவருக்கான யூசர்ஸ்பேஸ் விஷயம். ஜிலிப்சி (சி லைப்ரரி) கடைசியில் எக்சிட் சிஸ்காலைப் பூஜ்யத்தோடுதான் அழைக்கிறது, கெர்னலுக்கு 5 போய்ச் சேரவே இல்லை. கெர்னல் வரை ஒரு கோட் போக வேண்டும் என்றால் த்ரெட் நேரடியாக எக்சிட் சிஸ்காலை அழைக்க வேண்டும், எக்சிட்_க்ரூப் அல்ல. லைப்ரரியின் எக்சிட் ஃபங்ஷனை அழைத்தால் மொத்த ப்ராசஸும் போய்விடும், அந்தத் தவறையும் பார்த்திருக்கிறேன்.

எதுவுமே வரவில்லை என்பது வேறு. 6.15 இல் இருந்து பிட்எஃப்டி_கெட்_இன்ஃபோ ஐஆக்டிலில் எக்சிட் தகவலும் கேட்கலாம், ஆனால் டாஸ்க் ரீப் ஆன, அதாவது ரிலீஸ் ஆன, பிறகுதான் அது கிடைக்கும். போல்இன் பார்த்த உடனே கேட்டால் ரிலீஸுக்கு முந்தைய இடைவெளியில் மாட்டிக்கொள்வீர்கள், ஐஆக்டில் வெற்றி, மாஸ்க்கில் (எந்தத் தகவல் கிடைத்தது என்று காட்டும் பிட்களில்) எக்சிட் பிட் இல்லை, எக்சிட் கோட் ஃபீல்டில் பூஜ்யம். மாஸ்க்கைப் பார்க்காத டெஸ்ட் அந்தப் பூஜ்யத்தை "நல்லபடியாக முடிந்தது" என்று எடுத்துக்கொள்ளும். த்ரெட் என்றால் போல்ஹப் வரும் வரை காத்திருந்து கேளுங்கள், ரிலீஸ்_டாஸ்க் எக்சிட் தகவலைப் பதிந்த பிறகுதான் எண்ணை விடுவிக்கிறது என்பதால் போல்ஹப் வந்தால் தகவலும் இருக்கும். லீடர் என்றால் முதலில் பேரண்ட் வெயிட் செய்ய வேண்டும். கிடைக்கும் மதிப்பு வெயிட் ஸ்டேட்டஸ் வடிவில் இருக்கும், நேரடியாக 5 உடன் ஒப்பிடாமல் டபிள்யூஎக்சிட்ஸ்டேட்டஸ் மேக்ரோ வழியாகப் பார்க்க வேண்டும்.

இதே வரிசையில் இன்னொன்று: த்ரெட் பிட்எஃப்டியை வெயிட்ஐடிக்குக் கொடுத்து ஈசைல்ட் (அப்படி ஒரு சைல்ட் இல்லை) எர்ரர் வாங்குவது. லீடர் அல்லாத த்ரெட் யாருக்கும் சைல்ட் இல்லை, பிட்ரேஸ் செய்யாதவரை (டீபக்கர் போலப் பின்தொடராதவரை) அதை வெயிட் செய்ய முடியாது.

அறிகுறி: எக்செக் டெஸ்ட்டில் யார் செத்தார் என்றே புரியவில்லை

லீடர் அல்லாத த்ரெட் எக்செக் செய்தால் மற்ற எல்லா த்ரெட்டும் கொல்லப்படும், எக்செக் செய்தவர் லீடரின் எண்ணை ஏற்றுக்கொள்வார், பழைய லீடர் இவருடைய எண்ணோடு போய்ச் சேர்வார். இடம் மாற்றிக்கொள்கிறார்கள். ஆகவே லீடரின் பிட்எஃப்டியில் சேதி வரக்கூடாது, ப்ராசஸ் உயிரோடுதான் இருக்கிறது. எக்செக் செய்த த்ரெட்டின் பழைய எண்ணுக்கு எடுத்த பிட்எஃப்டியில் பின்னால் டாஸ்க் இருக்காது. டெஸ்ட்டில் வேரியபிள் பெயர்கள் லீடர், த்ரெட் என்று இருந்தால் எக்செக்குக்குப் பிறகு படிப்பவர் தலை சுற்றும். லீடர்_எண், த்ரெட்_எண் என்று எண்ணைக் குறித்துப் பெயர் வைக்கச் சொல்லுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும். எக்செக் நடந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? குளோஸ்ஆன்எக்செக் வைத்த பைப்பின் மறுமுனையில் ஈஓஎஃப் வந்தால் நடந்தது என்று அர்த்தம், பேரண்ட் தன் பக்கத்து எழுதும் முனையை மூடியிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

அறிகுறி: ப்ராசஸ் கனெக்டர் டெஸ்ட்டில் எக்சிட் ஈவென்ட் எண்ணிக்கை குறைகிறது

பிட்எஃப்டி அல்லாமல் நெட்லிங்க் (கெர்னல் சேதி அனுப்பும் சாக்கெட்) வழியாக எக்சிட் ஈவென்ட்களைக் கேட்கும் டெஸ்ட்களும் உண்டு. அங்கே ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி ஈவென்ட் வரும், உள்ளே பிஐடி (த்ரெட் எண்), டிஜிஐடி (ப்ராசஸ் எண்) இரண்டும் இருக்கும். குறைந்தால் பெரும்பாலும் ரிசீவ் பஃபர் நிரம்பி ஈநோபஃப்ஸ் வந்திருக்கும், டெஸ்ட் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்ததைப் படித்திருக்கும். கூடினால் மெஷினில் ஓடும் மற்ற ப்ராசஸ்களின் ஈவென்ட்கள், டிஜிஐடி வைத்து வடிகட்டாததன் விளைவு. இந்த ஈவென்ட் எக்சிட்_நோட்டிஃபைக்குப் பிறகு போகிறது என்பதால் பிட்எஃப்டி எழுப்பியதும் ஈவென்ட் வந்திருக்கும் என்று எழுதுவதும் தவறு.

அறிகுறி புரிகிறது, ஆனால் மறுபடி வரவைக்க முடியவில்லை

லூப் போட்டு ஆயிரக்கணக்கில் ஓட்டுவது முதல் முயற்சி. பின்னணியில் சிபியுக்களை நிரப்பிவிட்டு ஓட்டுங்கள், அப்புறம் ஒரே சிபியு உள்ள விஎம்மில் ஓட்டுங்கள். இந்த இரண்டும் வெவ்வேறு பிழைகளை வெளியே இழுக்கும்.

அதைவிட நேரான வழி, கெர்னலிலேயே இடைவெளியை அகலமாக்குவது. டூ_எக்சிட்டில் எக்சிட்_எம்எம்முக்குப் பிறகு ஒரு ஐம்பது மில்லிசெகண்ட் தூக்கம் வைத்தால் ஜாயினை நம்பும் டெஸ்ட்கள் எல்லாம் வரிசையாக விழும். எக்சிட்_நோட்டிஃபைக்குள், டாஸ்க்லிஸ்ட் லாக்கை விட்ட பிறகு, ரிலீஸ்_டாஸ்க் லூப்புக்கு முன் இன்னொன்று வைத்தால் 17 ஐ நம்பியவர்கள் விழுவார்கள், மாஸ்க் பார்க்காதவர்களும் விழுவார்கள். லாக்கைப் பிடித்திருக்கும்போது தூங்க வைத்தால் மெஷினே போய்விடும், இடத்தைச் சரியாகப் பாருங்கள். எல்லா ப்ராசஸுக்கும் இது பொருந்தினால் பூட் ஆவதற்கே ஒரு யுகம் ஆகும் என்பதால் டாஸ்க்கின் காம் பெயர் டெஸ்ட் பெயராக இருந்தால் மட்டும் தூங்கு என்று ஒரு இஃப் போட்டுக்கொள்ளுங்கள். இதைத் தனி பிராஞ்ச்சில் வையுங்கள். டெஸ்ட் திருத்தத்தோடு இந்தத் தூக்கமும் பேட்ச் சீரிஸில் ஏறிப்போய்விட்டால் மெயின்டெய்னரிடமிருந்து வரும் பதில் அவ்வளவு இனிமையாக இருக்காது.